புல்வெளியில் பழுப்புத் திட்டுகள்: மருந்துக்கு முன் மண்ணைப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நடுப் புல்வெளியைப் பற்றி இன்றைக்கு மூன்று யோசனைகள் கூட்டத்தின் முன் இருக்கின்றன. முழுப் புல்லையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது ஒன்று. பூஞ்சை மருந்து அடிப்பது இன்னொன்று. தோட்டக்காரரை மாற்றுவது மூன்றாவது. முதலாவதுக்கு நம் எல்லோருடைய பராமரிப்புப் பணம் செலவாகும். இரண்டாவது, பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடத்தில் மருந்தைத் தெளிக்கும். மூன்றாவது, ஒரு குடும்பத்தின் சம்பளத்தை நிறுத்தும். எதற்குக் கை தூக்குவதாக இருந்தாலும், அந்தத் திட்டுகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தூக்குவோம். அதைத்தான் செயலாளர் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். தோட்டக்காரரும் நானும் இரண்டு நாள் காலையில் ஒரு மண்வெட்டி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்கேல் வைத்துக்கொண்டு புல்வெளி முழுவதும் பார்த்தோம்.

முதலில் ஒரு பொது விஷயம். பழுப்பு நிறம் ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. தண்ணீர் குறைந்தாலும் புல் பழுக்கும், கூடினாலும் பழுக்கும். உப்பு ஏறினாலும், உரம் சுட்டாலும், வேரைப் புழு தின்றாலும், பூஞ்சை பிடித்தாலும் மேலே தெரிவது ஒரே நிறம்தான். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது அல்லவா?

அதிலும் நம் புல் புதுப் புல். நர்சரியில் இருந்து கார்ப்பெட் மாதிரி வெட்டி எடுக்கும்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மண்ணோடுதான் வெட்டுகிறார்கள். வேரில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்சம் இருக்கும் கொஞ்சம் வேரை வைத்துக்கொண்டு அது புது மண்ணில் இறங்க வேண்டும். அதற்குச் சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் ஆகும். நாம் புல் போட்டது சித்திரை மாதம். வேர் இறங்க வேண்டிய நாட்களில் கத்திரி வெயில் வந்துவிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. ஆடியில் போட்டிருந்தால் வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி மழை வந்து தாங்கிப் பிடித்திருக்கும். போட்டாகிவிட்டது, சரி. இனி என்ன செய்வது என்று பார்ப்போம்.

ஒரு திட்டைப் பார்த்தால் நான்கு காரியம் செய்ய வேண்டும். இதற்குப் படிப்பு தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

ஒன்று, வடிவத்தைப் பாருங்கள். இயற்கை நேர்கோட்டில் காயாது. பழுப்பு நேர்கோடாகவோ சதுரமாகவோ இருந்தால் அது பெரும்பாலும் மனிதர் செய்த வேலையின் விளைவு. ஒரு துண்டு மட்டும் சதுரமாகக் காய்ந்திருந்தால், அந்தத் துண்டு லாரியில் அடுக்கி வைத்திருந்தபோதே வெந்திருக்கலாம், அல்லது அடியில் மண் படாமல் தூக்கிக்கொண்டு இருக்கலாம். வட்டமாக இருந்தால் பூஞ்சையையோ நாயையோ நினைக்கலாம். ஒழுங்கில்லாத திட்டாக இருந்தால் புழு, கரையான், தண்ணீர்க் குறைவு இவற்றைத் தேட வேண்டும்.

இரண்டு, பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு பிடி புல்லை மெதுவாக இழுத்தால், இலை மட்டும் அடியில் இருந்து கழன்று வந்து, அந்த அடிப்பகுதி அழுகிப் பழுப்பாக இருந்தால் பூஞ்சை. பாய் சுருட்டுவது போல முழுத் துண்டும் எழும்பி வந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். புது வெள்ளை வேர் ஒன்றுமே இல்லாமல் மண் தட்டையாக இருந்தால் புல் இன்னும் வேரே விடவில்லை என்று அர்த்தம். வேர் கடிபட்டு, வெள்ளைப் புழுக்கள் வளைந்து சுருண்டு கிடந்தால் அது வேர்ப்புழு. நிலக்கடலை விவசாயிகளைக் கேட்டால் அதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

மூன்று, குத்திப் பாருங்கள். தண்ணீர் விட்ட சில மணி நேரம் கழித்து ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் அழுத்துங்கள். ஐந்தாறு அங்குலம் சுலபமாக இறங்க வேண்டும். இரண்டு அங்குலத்தில் டக்கென்று நின்றால் அடியில் கல்லோ கலவையோ இருக்கிறது, அல்லது மண் இறுகிக் கிடக்கிறது. எடுக்கும்போது முனை காய்ந்திருந்தால் தண்ணீர் கீழே போகவே இல்லை. சேறாக வந்து நாற்றம் அடித்தால் தண்ணீர் வடியவில்லை.

நான்கு, தண்ணீரை அளந்து பாருங்கள். ஸ்பிரிங்க்ளர் சுற்றும்போது எல்லா இடமும் நனைவது மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் சம்படங்கள் எட்டை அங்கங்கே வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டோம். டம்ளர் வேண்டாம், அது மேலே அகலமாக இருப்பதால் கணக்குத் தப்பும். ஸ்கேலால் அளந்தபோது கேட் பக்கம் 9 மில்லிமீட்டர், ஜெனரேட்டர் அறைப் பக்கம் 2 மில்லிமீட்டர். ஒரே புல்வெளி, ஒரே மோட்டார், ஒரே இருபது நிமிடம். இதைப் பார்த்த பிறகு தோட்டக்காரர், "சார், நான் தண்ணி விடலைன்னு சொன்னாங்களே" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நம் திட்டுகளுக்கு வருகிறேன். மொத்தம் ஆறு இடம். ஆறுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் இடம், பி பிளாக் நடைபாதை ஓரம் நீளமாக ஓடும் பட்டை. ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அங்குலத்தில் நின்றது. தோண்டினால் ஜல்லி, உடைந்த டைல்ஸ், காய்ந்த சிமென்ட் கலவை. பேவர் பிளாக் பதித்தவர்கள் மிச்சத்தை அங்கேயே தள்ளி, மேலே செம்மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு அங்குல மண் காலையில் குடித்த தண்ணீரை மதியத்துக்குள் இழந்துவிடும். பக்கத்தில் பேவர் பிளாக்கின் சூடு வேறு. சிமென்ட் மண்ணைக் காரமாக்குவதால் புல்லுக்கு இரும்புச் சத்தும் சரியாகக் கிடைக்காது. இங்கே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயனில்லை. தோண்டி அள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது, நடுவில் கட்டம் கட்டமாகத் தெரியும் கோடுகள். துண்டுகளை நெருக்கிப் போடாமல் விட்டதால் வந்த இடைவெளி. அந்த ஓரங்கள் காற்றில் காய்ந்திருக்கின்றன. துண்டுகளின் நடுப்பகுதி பச்சையாகத்தான் இருக்கிறது. மணலும் செம்மண்ணும் கலந்து இடைவெளியை நிரப்பி அழுத்தினால் போதும், புல் தானே ஓடி மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, ஜெனரேட்டர் அறை மூலை. அதைத்தான் சம்படக் கணக்கில் பார்த்தோம். ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை சாய்ந்து சுவரை நனைத்துக்கொண்டு இருக்கிறது. நிமிர்த்தி வைக்க ஐந்து நிமிடம்.

நான்காவது, கேட் பக்கத்துப் பள்ளம். இங்கே நிலைமை நேர் எதிர். வால்வு கசிகிறது. மண் கறுத்து, நாற்றம் அடிக்கிறது. இழுத்தால் இலை அடியோடு கழன்று வருகிறது. இந்த ஓர் இடத்தில் பூஞ்சை இருக்கிறது, உண்மை. ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. நெல்லில் இலையுறைக் கருகல் என்று சொல்கிறோமே, அதை உண்டாக்கும் அதே குடும்பம்தான். ஈரமும் யூரியாவும் கூடிய இடத்தில் அது குடியேறும். ஈரத்தை நிறுத்தாமல் மருந்து அடித்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் திரும்ப வரும். வால்வு கசிவதைத் தோட்டக்காரர் பராமரிப்புப் பதிவேட்டில் இரண்டு முறை எழுதியிருக்கிறார். பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஐந்தாவது, ஏ பிளாக் வாசல் எதிரில் கைக்குட்டை அளவு வட்டங்கள். நடுவில் பழுப்பு, சுற்றிலும் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சை. இது நாய்ச் சிறுநீர். அதில் நைட்ரஜன் அதிகம். நடுவில் அளவு மீறிச் சுடுகிறது, ஓரத்தில் அதுவே உரமாகிறது. நாய் வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நாயும் நம் குடியிருப்பைச் சேர்ந்ததுதான். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போய் உடனே அந்த இடத்தில் ஊற்றிவிட்டால் கறை விழாது.

ஆறாவதைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல மனதால் வந்த கேடு. தரைத்தள வீடுகளின் பின்பக்கம் இலை நுனி மட்டும் கருகியிருக்கிறது. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று சிலர் வாளியில் பிடித்து அங்கே ஊற்றுகிறார்கள். டி.டி.எஸ். மீட்டரில் அளந்தோம். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,100 காட்டியது. இந்தப் புல் அதைத் தாங்கும். ஆர்.ஓ. கழிவு நீர் 2,000ஐத் தாண்டியது. பாசனக் கணக்கில் 450க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 2,000க்கு மேல் போனால் ஆபத்து என்பது பொதுவான அளவுகோல். உப்பு ஏறிய மண்ணில் தண்ணீர் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. தாகத்துக்குக் கடல் தண்ணீரைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த நீரைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு விட, வாகனம் நிறுத்தும் இடத்தைக் கழுவப் பயன்படுத்துங்கள். செடிக்கு வேண்டாம்.

ஆறு இடத்தையும் சேர்த்து அளந்தோம். சுமார் 170 சதுர அடி. புல்வெளி 2,000 சதுர அடி. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் வேர் பிடித்துவிட்டது. நான்கைந்து இடத்தில் இழுத்துப் பார்த்தோம், விட மறுக்கிறது. அதைப் பெயர்த்து எறிவது, பல்வலிக்குத் தாடையை எடுப்பது போல.

பழுப்பானதெல்லாம் செத்ததும் அல்ல. நம்முடையது கொரியன் புல். அது தரையோடு ஓடும் தண்டு விட்டுப் படரும் வகை. அந்த ஓடுதண்டை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு மூன்று நான்கு வாரம் பொறுத்தால் கணுவில் இருந்து துளிர்க்கும். வைக்கோல் போலப் படக்கென்று ஒடிந்தால்தான் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். ஜெனரேட்டர் மூலையில் பாதிக்கு மேல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி சரிசெய்யும் முறை. செத்த புல்லை மண்வெட்டியால் சீவி எடுக்க வேண்டும். அரையடி ஆழம் தோண்டி இடிபாட்டை அள்ள வேண்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு கலந்து நிரப்ப வேண்டும். எரு மட்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் போட்டால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. தண்ணீர் ஊற்றி மண் அமர்ந்த பிறகு, சுற்றியுள்ள தரைக்குச் சமமாக மட்டம் பார்த்துப் புல் பதிக்க வேண்டும். இதற்குப் புதுப் புல் நிறைய வாங்கத் தேவையில்லை. நன்றாக அடர்ந்திருக்கும் ஓரத்தில் இருந்து உள்ளங்கை அளவு துண்டுகளை எடுத்து அரையடி இடைவெளியில் நட்டால் நடுவில் தானே ஓடி நிறையும். கொரியன் புல் மெதுவாகத்தான் ஓடும், பொறுமை வேண்டும். நட்ட இடத்தில் மூன்று வாரம் யாரும் கால் வைக்கக் கூடாது. கயிறு கட்டிவிடுவோம். ஊஞ்சலுக்குப் போகப் பிள்ளைகளுக்கு மறுபக்கம் வழி இருக்கிறது.

தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் டேங்கர் பில்லைப் பார்த்து எல்லோரும் கவலைப்படுகிறோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். நம் புல்வெளி சுமார் 186 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்தால் 930 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்று ஏறக்குறைய 13 நாளைக்கு வரும். முழுப் புல்லையும் மாற்றினால், வேர் பிடிக்கும்வரை இதற்கு மேலும் வேண்டும். அதனால்தான் வீணாகும் இடத்தை அடைப்பது முதல் வேலை என்கிறேன்.

புதிதாக நட்ட துண்டுகளுக்கு முதல் பத்து நாள் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். மாலை என்றால் நான்கு மணிக்குள், இரவுக்கு முன் இலை காய்ந்துவிட வேண்டும். வேர் பிடித்த பழைய புல்லுக்குத் தினமும் தெளிப்பது கெடுதல். மேலே மட்டும் நனைத்தால் வேர் மேலேயே சுற்றும். இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஆழமாக இறங்கும் அளவு விட வேண்டும். நேரம் காலை ஐந்தில் இருந்து ஏழு. இப்போது இரவு எட்டு மணிக்கு விடுகிறோம், அதனால் விடியும்வரை இலை ஈரமாகவே இருக்கிறது. பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். எட்டு மணி என்பது தோட்டக்காரர் வைத்த நேரம் அல்ல. காலையில் மோட்டாரை வீட்டுத் தொட்டிகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். வாரத்தில் நான்கு நாள் காலை நாற்பது நிமிடம் புல்வெளிக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று கூட்டம் முடிவு செய்ய வேண்டும்.

உரத்துக்கு அவசரம் வேண்டாம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம் போதும். நம் முழுப் புல்வெளிக்கும் இரண்டு கிலோகூட ஆகாது. அதையும் ஈர இலை மேல் தூவக் கூடாது, தூவியதும் தண்ணீர் விட்டு மண்ணில் இறக்கிவிட வேண்டும். பூஞ்சை இருக்கும் பள்ளத்தில் இப்போதைக்கு யூரியாவே கூடாது. அங்கே வால்வைச் சரிசெய்து, பள்ளத்தை மேடாக்கி, மட்கிய எருவில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போட்டுப் பார்ப்போம். புல் வெட்டும்போதும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மொட்டை அடித்தால் தண்டு வெயிலில் வேகும்.

மழை தொடங்கிய பிறகு புது விருந்தாளிகள் வரலாம். கோடை மழை விழுந்ததும் மாலையில் வேப்பமரத்தில் பழுப்பு வண்டுகள் மொய்த்தால் கவனியுங்கள், வேர்ப்புழுவின் தாய் தகப்பன் அவைதான். ஓர் அடிக்கு ஓர் அடி மண்ணைத் திருப்பிப் பார்க்கும்போது ஒன்றிரண்டு புழு இருந்தால் மைனாவுக்கு விட்டுவிடலாம். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் மெட்டாரைசியம் என்ற உயிரியல் மருந்து இருக்கிறது. இலை தின்னும் புழு இருக்கிறதா என்று பார்க்க, நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கலந்து மூன்றடிச் சதுரத்தில் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் மேலே வந்துவிடும். புழுவுக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது, பூஞ்சைக்கான மருந்து புழுவைத் தொடாது. எது என்று தெரியாமல் இரண்டையும் அடித்தால், மண்புழுவையும் சேர்த்துக் கொன்றதுதான் மிச்சம்.

ஆகவே மூன்று யோசனைகளுக்கும் என் பதில் இது. முழுப் புல்லையும் மாற்றத் தேவையில்லை. பூஞ்சை மருந்து இப்போது தேவையில்லை. செய்ய வேண்டியவை: வால்வு பழுது, ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை, பி பிளாக் ஓரத்தில் இரண்டு ஆள் இரண்டு நாள் வேலை, கொஞ்சம் மண், மணல், எரு. புல் போட்ட ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை இன்னும் கொடுக்கவில்லை என்று பொருளாளர் சொன்னார். தோண்டி எடுத்த ஜல்லியையும் டைல்ஸையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் காட்டிப் பேசலாம்.

தோட்டக்காரரைப் பற்றி. ஆறு காரணங்களில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. ஒன்றை அவர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த மூன்றாவது யோசனையைக் கொண்டுவந்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதோடு, பதிவேட்டில் அவர் எழுதுவதை வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் படிக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு வாரம் கழித்து அதே எட்டுச் சம்படத்தை வைத்து மறுபடி அளப்போம். பார்க்க விருப்பம் உள்ளவர்கள் காலை ஆறு மணிக்கு வரலாம், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஸ்கேல் பிடிக்க ஆள் வேண்டும்.